மூன்று ஸ்பூன் பால் பாயசம்

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதம், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது. நான் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சான்றிதழ் கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை. என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

என் மனைவி ஓயாமல் பேசுகிறவள். தையல் மெஷின் ஓடும்போதுகூட அந்தச் சத்தத்தையும் தாண்டி யாருடனாவது பேசிக்கொண்டிருப்பாள். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலையில், துணி காயப்போட மாடிக்குப் போனவள், பக்கத்து வீட்டு மாடியில் நின்ற அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் பாதியில் நின்றது. அது நின்றதுகூட எனக்கு உறைக்கவில்லை. "தம்பி, இங்க வாங்க, வாய் கோணிக்குது" என்று அந்த அக்கா போட்ட சத்தம்தான் கேட்டது.

பக்கவாதம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை நினைத்தால் போடுவது, மறந்தால் விட்டுவிடுவது என்று இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்த எனக்கும் அது தெரியவில்லை. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் சரியாக வரவில்லை. பேச்சு போய்விட்டது. அதோடு, விழுங்கவும் முடியவில்லை. வாயில் போட்டதை வயிற்றுக்குள் தள்ளுவது ஒரு வேலை என்று அதுவரை நான் நினைத்ததே கிடையாது. அந்த வேலையை அவளுடைய தொண்டை மறந்துவிட்டது.

மூக்கு வழியாக டியூப் போட்டு அதில் கஞ்சி ஊற்றினார்கள். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இடது கையால் பிடுங்கப் பார்ப்பாள். கையைக் கட்டி வைத்தார்கள். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னால் முடியவில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் டியூபை எடுத்தார்கள். பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் தருகிற ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும், என்னை உட்கார வைத்துச் சொன்னாள். நேராக உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். சின்ன ஸ்பூன். தண்ணீர் மாதிரி ஓடுவது எதுவும் கூடாது. கெட்டியாக, வழவழவென்று, கட்டியோ திப்பியோ இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பிறகு "ஆ" சொல்லச் சொல்லிக் குரல் தெளிவாக வருகிறதா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டேன். மகள் கைக்குழந்தையோடு வந்து பத்து நாள் இருந்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் அழுதுகொண்டே கிளம்பிப் போனாள். நான் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் எனக்குச் சமைக்கத் தெரிந்தது வெந்நீரும் டீயும்தான்.

இட்லியைப் பாலில் குழைத்துக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டாள். கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினேன். இரண்டு ஸ்பூனுக்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாள் முழுக்கச் சேர்த்தால் ஒரு டம்ளர்கூட உள்ளே போகவில்லை. கழுத்தெலும்பு தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து அவள் இடது கையை நீட்டி அடுப்பைக் காட்டினாள். "பா... பா" என்றாள். பால் வேண்டுமா என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். கையை வட்டமாகக் கிண்டுவது போலச் செய்து காட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. பால் பாயசம். மகள் பிறந்தநாள், என் பிறந்தநாள், தீபாவளி, எதுவானாலும் அவள் கை முதலில் போவது பச்சரிசிக்கும் பாலுக்கும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் தாளில் எழுதி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

குக்கரில் அரிசியும் பாலும் வைத்து நாலு விசில் விட்டேன். சர்க்கரை போட்டேன். மகளிடம் போனில் கேட்டு, நெய்யில் முந்திரியும் திராட்சையும் வறுத்துப் போட்டேன். வாசனை வந்தது. மனைவி சிரித்தாள். அந்தக் கோணல் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. பாயசம்தானே, தானாக இறங்கிவிடும் என்று நினைத்தேன். முதல் ஸ்பூன் போனது. இரண்டாவது ஸ்பூனுக்கு லேசாக இருமினாள். மூன்றாவது ஸ்பூனில் சத்தமே வரவில்லை. இருமல் வந்தால்கூடத் தைரியமாக இருக்கலாம், சத்தம் வராததுதான் பயம் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவள் கண் விரிந்தது. உதடு நீலமாக மாறியது. இடது கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். இரண்டு பேருமாக அவளை முன்னால் குனிய வைத்து, முதுகில் ஓங்கித் தட்டினோம். எத்தனை முறை தட்டினோம் என்று தெரியாது. பாலும் ஒரு பாதி முந்திரியும் வெளியே வந்து விழுந்தன. அதன் பிறகு அவள் மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே, அதைப் போல நல்ல சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

ஆட்டோ பிடித்து மறுபடியும் ஆஸ்பத்திரி. நல்லவேளை, நுரையீரலில் பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. ஒருநாள் வைத்திருந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் கோபப்படாமல்தான் பேசினார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பாயசத்தில் பால் தண்ணீராக ஓடிவிடுகிறது, அரிசியும் முந்திரியும் பின்னால் நிற்கின்றன, இரண்டும் கலந்திருப்பதுதான் இவர்களுக்கு ரொம்ப ஆபத்து என்றார். "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள வாய் வழியா ஓரளவு எடுத்துக்கணும். இல்லன்னா மறுபடியும் டியூப்தான்" என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புரிந்தது என்று அவள் கண் சொன்னது.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு ஸ்பூனைப் பார்த்தாலே அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பயந்துபோயிருந்தாள். அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்.

பக்கத்து வீட்டு அக்கா, ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர். அவர்தான் சொன்னார். "தம்பி, எங்க கெஸ்ட் ஹவுஸ் எதுத்தாப்புல ஒரு கஃபே கீது. வெள்ளக்காரங்களுக்கு அரிசி பாயசம் மாரி ஒண்ணு போடறாங்க. கூழ் மாரி இருக்கும், ஸ்பூன்ல எடுத்தா சொட்டாது. போய்ப் பாருங்களேன். நான் இங்க ஒக்காந்துக்கறேன்."

போனேன். ஒரு கிண்ணம் கேட்டேன். அது வரும்வரை நின்றுகொண்டிருந்தபோது, சமையல் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அடுப்பு முன்னால் நின்றிருந்த சமையல்காரர் திரும்பினார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. அவரை எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்த விதத்தில், என்னை அவருக்கும் தெரியும் என்று தெரிந்துவிட்டது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் வாரிசுச் சான்றிதழுக்காக என் மேசைக்கு வந்தவர் அவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஊர். அப்பா இறந்துபோயிருந்தார். மனு அவர் அம்மாவின் பேரில் இருந்ததால் அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் மடக்க முடியாத அம்மா. குடும்ப அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் இருந்த எழுத்து, இறப்புச் சான்றிதழில் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, கல்யாணமான அக்காவின் விலாசத்துக்கு ஆதாரம் இல்லை என்று திருப்பினேன். மூன்றாம் முறை, அம்மாவின் கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லை என்றேன். மூன்றும் முதல் நாளே அந்த மனுவில் இருந்த குறைகள்தான். முதல் குறை கண்ணில் பட்டதும் மேற்கொண்டு படிக்காமல் மூடிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். மூன்றாம் முறை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அதில் எனக்குப் பெரிய கர்வம் உண்டு. கை சுத்தமாக இருந்தால் போதும், நம் மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அன்று அவரிடம் எதுவும் கேட்காமல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் தின்று பார்த்தேன். கெட்டியாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் அரிசி முழுசு முழுசாகத் தெரிந்தது. பட்டை வாசனை தூக்கலாக இருந்தது. துளி எடுத்து மனைவியின் உதட்டில் தடவினேன். முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஏலக்காய் போட்ட அவளுடைய பாயசம். அது இந்தப் பதத்தில் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அந்த மனிதர்தான்.

வியாழக்கிழமை காலை முழுக்க எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரையாவது கேட்கலாம், போனில் வீடியோ பார்த்துச் செய்யலாம் என்று. மதியம் அவளைத் தூக்கி உட்கார வைத்தபோது, நைட்டி தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கஃபேயில் அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் போய் நின்றேன். அவர் பாத்திரம் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார்?" என்றார்.

நான் மனைவியின் நிலைமையைச் சொன்னேன். முந்திரி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"இப்ப எப்பிடி இருக்காங்க?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அடுத்தது, "வீட்ல அடி கனமா ஒரு பாத்திரம் கீதா?"

இருக்கிறது என்றேன்.

"மூணு மணிக்கு மேல ஆறு மணி வரைக்கும் நமக்கு வேலை கம்மி. வீடு எங்க சொல்லுங்க. பால் மட்டும் நல்லதா வாங்கி வைங்க."

அரை மணி நேரத்தில் தன் வண்டியில் வந்துவிட்டார். வந்ததும் அடுப்புப் பக்கம் போகவில்லை. மனைவி இருந்த கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, "வணக்கம்மா. பாயசம் செய்ய வந்துகினேன். நீங்க எப்பிடி செய்வீங்களோ அந்த ருசிலயே செஞ்சிடலாம். ஏலக்கா போடுவீங்களா?" என்றார். அவள் தலையாட்டினாள். "சக்கரையா, வெல்லமா?" என்று கேட்டு, சர்க்கரை என்றால் கையைத் தூக்கச் சொன்னார். அவள் கையைத் தூக்கினாள். ஒரு மாதமாக எல்லாரும் அவளைப் பற்றி என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தந்த பெண்ணுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும், சொட்டக் கூடாது, ஸ்பூனிலேயே பசை போல ஒட்டிக்கொள்ளவும் கூடாது, நக்கினால் நாக்கில் ஒரு பருக்கைகூடத் தட்டுப்படக் கூடாது என்றாள். அவர் "புரியுதும்மா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கெங்க தப்பு வரும்னு மொத்தத்தையும் மொதல்லயே சொல்லிட்றேன் சார். எழுதிக்கங்க. அப்பறம் நீங்க அலைய வேணாம்."

அவர் குத்திக் காட்டச் சொன்னாரா, இயல்பாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் குனிந்து எழுதிக்கொண்டேன். பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் நொய்யாக உடைத்துக்கொள்ள வேண்டும். மாவாக அரைத்தால் கட்டி தட்டும். குக்கர் கூடாது. பாதிப் பாலில் தண்ணீர் சேர்த்து, நொய்யைப் போட்டு, அடுப்பைக் குறைத்து வைத்து, பக்கத்திலேயே நின்று கிண்ட வேண்டும். தண்ணீர் வற்றும்போது மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சர்க்கரையை முதலிலேயே போட்டால் அரிசி வேகாமல் விறைத்துக்கொள்ளும், கடைசியில்தான் போட வேண்டும். போட்டதும் இளகும், பயப்படக் கூடாது. வெந்த பிறகு வடிகட்டியில் அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஏலக்காயைப் பொடித்துச் சலித்துத்தான் போட வேண்டும்.

அன்றைக்கு நான்தான் கிண்டினேன். இறக்க வேண்டிய நேரத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டேன். ஆறியதும் போஸ்டர் ஒட்டும் பசை போல ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இத குடுக்க வேணாம். மேல்வாய்ல ஒட்டிக்கும். நாளைக்கு வரேன்" என்றார். அன்றும் அவளுக்கு நாலைந்து ஸ்பூன் கஞ்சிதான்.

வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு வந்தார். பக்கத்தில் நின்றார். கரண்டி என் கையில் இருந்தது. ஐம்பது நிமிஷம் கிண்ட வேண்டிய வேலை. பேசாமல் நிற்க என்னால் முடியவில்லை.

"நீங்க எங்க ஆபீசுக்கு வந்திருக்கீங்க இல்ல?" என்றேன்.

"மூணு வாட்டி வந்தேன் சார். நாலாவது வாட்டி உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் இருந்தாரு. அவரு மனுவ வாங்கிக்கினாரு."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"உங்களுக்கு இருக்காதுனு நெனச்சேன்" என்றார். அடுப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொன்னார். "நீங்க துட்டு கேக்கல சார். அது தெரியும். ஊர்லகூட அப்பிடித்தான் சொன்னேன். ஆனா மூணையும் ஒரே நாள்ல சொல்லியிருந்தீங்கன்னா, எங்கம்மாவ மூணு வாட்டி பஸ்ல ஏத்தி எறக்கினு வந்திருக்க மாட்டேன். மூணாவது நாளு திரும்பிப் போறப்ப, நிக்க முடியாம பஸ் ஸ்டாண்டுலயே கீழ ஒக்காந்துடுச்சி."

அவர் குரலில் கோபம் இல்லை. ஒருவர் தன் வீட்டில் நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். என் கை நின்றுவிட்டது.

"கிண்டுங்க சார், அடி புடிக்குது" என்றார்.

நான் கிண்டினேன். "தப்புதாங்க. என் மேலதான் தப்பு" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, அவ்வளவு தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்? சாப்ட முடியலனு சொன்னீங்க. நம்ம வேலையே அதானே" என்றார்.

அன்று பதம் சரியாக வந்தது. ஸ்பூனைச் சாய்த்தேன். அசையாமல் நின்று, பிறகு ஒரே துண்டாக நழுவித் தட்டில் விழுந்தது. அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வாசனைக்கு மேலே ஒரு சொட்டு நெய் விடலாமா என்று கேட்டேன். வேண்டாம், நெய் தனியாக ஓடும் என்றார்.

மனைவியை நேராக உட்கார வைத்தோம். நான் ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோனதும் அவள் உதடு இறுகியது. கண்ணில் நீர் கட்டியது. இரண்டு முறை முயன்றேன். மூன்றாவது முறை அவர் என் கையை மெதுவாகத் தொட்டார்.

"ஸ்பூன அவங்க கையில குடுத்துடுங்க சார். எப்ப வாயத் தொறக்கணும்னு அவங்களே பாத்துக்கட்டும்."

இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். அவள் இடது கைப் பழக்கம் இல்லாதவள். ஸ்பூன் ஆடியது. கிண்ணத்தில் இடித்தது. நுனியில் கொஞ்சம் எடுத்தாள். உதட்டில் வைத்தாள். நாக்கால் தொட்டாள். அப்படியே ரொம்ப நேரம் இருந்தாள். அப்புறம் வாயைத் திறந்து ஸ்பூனை உள்ளே வைத்துக்கொண்டாள். தாடையைக் கீழே இறக்கச் சொன்னேன். தொண்டை ஏறி இறங்கியது. "ஆ சொல்லு" என்றேன். "ஆ" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. கரகரப்பே இல்லை.

மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள். நான்காவதுக்குக் கை ஓய்ந்துவிட்டது. முழுதாகச் சேர்த்தால் ஒரு கைப்பிடிகூட இருக்காது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு வடிகட்டியைக் கழுவ ஆரம்பித்தார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். மனைவி பாயசம் பட்ட ஸ்பூனோடு அதே இடது கையை என் தலைமேல் வைத்தாள். முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பௌர்ணமி. மதியத்திலிருந்தே எங்கள் பக்கம் வண்டிகளை விடவில்லை. செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலம் போகிற ஜனம். இன்று அவரால் வர முடியாது, கஃபேயிலும் கூட்டமாக இருக்கும் என்று நினைத்து, நானே எழுதி வைத்ததைப் பார்த்து அடுப்பைப் பற்ற வைத்தேன். நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சட்டை முழுக்க வியர்வையோடு நின்றிருந்தார். அத்தனை கூட்டமும் ஒரு பக்கம் போக, எதிர்ப்பக்கமாக நடந்து வந்திருக்கிறார்.

"பத்து நிமிஷம்தான் சார். பதம் பாத்துட்டு ஓடிடறேன்" என்றார். ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தார். "அவ்ளோதான், உங்களுக்கு வந்துட்ச்சி" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு சின்னக் கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சிப் பெண் முன்னால், நான் டிபன் பாக்ஸில் கொண்டுபோன பாயசத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். டாக்டர் டியூப் வேண்டாம் என்றார். சர்க்கரை வியாதி இல்லாததால் தினமும் ஒரு வேளை கொடுக்கலாம், ஆனால் அதோடு பருப்பும் காயும் இதே பதத்தில் பழக்க வேண்டும் என்றார். பழக்கினேன். பருப்பு சாதத்தை வடிகட்டியில் தேய்ப்பது எப்படி என்று அவருக்கு போன் போட்டுத்தான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் வழக்கம் போலக் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன். ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஏதாவது சிக்கிக்கொண்டதோ என்று நான் பதறி எழுந்தேன். அவள் முகத்தைச் சுருக்கி, வாயை இப்படியும் அப்படியும் கோணி, ரொம்பப் பாடுபட்டுச் சொன்னாள்.

"சக்கர... கம்மி."

ஐந்து வாரத்துக்குப் பிறகு என் மனைவி பேசிய முதல் பேச்சு அது. என்னைக் குறை சொல்லித்தான் ஆரம்பித்தாள். நான் சிரித்தேன், அழுதேன், இன்னதென்று தெரியவில்லை. உடனே அவருக்கு போன் போட்டேன். பின்னால் கஃபேயின் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னேன்.

"சரியாத்தான் சொல்றாங்க. நீங்க பயந்து பயந்து கம்மியாதான் போடறீங்க" என்றார்.

இன்று அவள் கைத்தடியோடு நடக்கிறாள். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் பழைய அளவுக்குப் பேசிவிடுகிறாள். முழு அரிசி போட்ட பாயசமே சாப்பிடுகிறாள், முந்திரி மட்டும் நான் போட விடுவதில்லை. அந்த மனிதரின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறை போய் வந்தோம். அவருடைய அம்மாவின் முன்னால் நான் நின்றபோது, அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே இன்னார் என்று சொன்னேன். "அப்பிடியா, ஒக்காருப்பா" என்றார்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், ஒரு கணவனும் மனைவியும் மனுவோடு வந்தார்கள். முதல் பக்கத்திலேயே ஒரு குறை இருந்தது. நான் மூடவில்லை. கடைசிப் பக்கம்வரை படித்து, இருந்த நாலு குறையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, எங்கே போய் எதை வாங்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு ஆன நேரம் நாலு நிமிஷம். இருபத்தைந்து வருஷமாக எத்தனை பேருக்கு அந்த நாலு நிமிஷத்தைக் கொடுக்காமல் இருந்தேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் என் மேசைக்கு முன்னால் யார் வந்து நின்றாலும், இவர் வீட்டில் யார் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்களோ என்று ஒரு நொடி நினைத்துப் பார்க்காமல் பேனாவை எடுக்க என்னால் முடிவதில்லை.